இந்திய வானில் ஏர்பஸ்ஸின் வளர்ச்சியைக் கணக்கிடுவது எப்படி?

2023 ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் இண்டிகோ 500 ஏர்பஸ் விமானங்களுக்குக் கொள்முதல் ஆணை வழங்கியபோது, அந்த எண்ணையே வளர்ச்சியாகப் பலரும் எடுத்துக்கொண்டனர். அந்த விமானங்களோ 2030 முதல் 2035 வரையிலான ஆண்டுகளில்தான் வந்துசேர வேண்டியவை. எனவே ஆணை, ஒப்படைப்பு, பறக்கும் விமானம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதிக்கொள்வதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

முதலில் ஆணைகளை ஆண்டுவாரியாக அடுக்குங்கள். இண்டிகோ 2005இல் 100, 2011இல் 180, 2015இல் 250, 2019இல் 300, 2023இல் 500 என ஏ320 குடும்பத்தில் (ஏர்பஸ்ஸின் ஒற்றை நடைவழி விமானங்கள்) மட்டும் 1,330 விமானங்களைக் கேட்டிருக்கிறது. ஆனால் கடைசி ஆணை அறிவிக்கப்பட்ட நாளில் அந்நிறுவனத்தின் கையில் இருந்தவை எல்லா ரகங்களும் சேர்த்து 300க்குச் சற்று அதிகம். இந்த இடைவெளி எதிர்காலத்தைக் காட்டுமே தவிர, இன்றைய சந்தையைக் காட்டாது. சில ஆணைகள் விமானமாக மாறாமலே போவதும் உண்டு. கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் 2011இல் 72, 2016இல் மேலும் 72 என ஏ320 நியோ (ஏ320இன் புதிய எஞ்சின் கொண்ட வகை) விமானங்களுக்கு ஆணை கொடுத்திருந்தது. 2023 மே மாதத்தில் சேவையை நிறுத்தியபோது அதனிடம் இருந்தவை 54 மட்டுமே. குத்தகைக்கு வந்திருந்த அவற்றின் பதிவும், டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2024இல் நீக்கப்பட்டது.

அடுத்து, ஏர்பஸ் மாதந்தோறும் வெளியிடும் ஆணை, ஒப்படைப்புப் பட்டியலைச் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தின் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகின்றனர். இந்திய நிறுவனங்கள் பல விமானங்களைக் குத்தகை நிறுவனங்களிடமிருந்து நேரடியாகப் பெறுகின்றன. தாமே வாங்கியவற்றையும் விற்றுவிட்டு, அவற்றையே குத்தகைக்கு எடுத்துக்கொள்கின்றன. எனவே வாங்கியவர் பெயரையோ உரிமையாளர் பெயரையோ பார்த்து எண்ணினால் கணக்கு பிழையாகும். வி.டி. என்று தொடங்கும் பதிவெண்ணையும் இயக்குபவரின் பெயரையும் கொண்டு எண்ணுவதே சரி. பணியாளர்களோடு சேர்த்துக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு எடுக்கப்படும் அயல்நாட்டு விமானங்கள் இதில் வராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏ.டி.ஆர். நிறுவனத்தின் சிறிய விமானங்களைச் சேர்ப்பதா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். அந்நிறுவனத்தில் ஏர்பஸ்ஸுக்குப் பாதிப் பங்கு இருந்தாலும், தனியாக வைப்பதே தெளிவு என்பது என் கருத்து.

பதிவேட்டில் இருப்பவை எல்லாம் பறப்பதுமில்லை. பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறால் 2024 தொடக்கத்தில் இண்டிகோவின் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. அவற்றைக் கழித்த பிறகு கிடைப்பதே அன்றைய உண்மையான அளவு.

சந்தைப் பங்கைக் கணக்கிடும்போது, அது ஏன் உயர்ந்தது என்றும் கேளுங்கள். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது, பெரும்பாலும் ஏர்பஸ்ஸின் போட்டியாளரான போயிங்கின் விமானங்களை வைத்திருந்த ஒரு பெரிய வாடிக்கையாளரே சந்தையிலிருந்து மறைந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு விமானமும் கூடுதலாக விற்காமலேயே ஏர்பஸ்ஸின் விகிதம் ஏறும். எதிர்த்திசையிலும் பாருங்கள்: ஆகாசா ஏர் முழுக்கப் போயிங்கின் 737 மேக்ஸ் விமானங்களையே நம்பியிருக்கிறது, 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா அறிவித்த 470 விமானங்களில் 250 ஏர்பஸ்ஸுக்கும் 220 போயிங்குக்கும் சென்றன.

நீண்ட காலத்தை ஒப்பிட விரும்பினால், இண்டிகோ பறக்கத் தொடங்கிய 2006ஐத் தொடக்க ஆண்டாக வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் 1976இலேயே ஏ300 விமானத்தை இயக்கத் தொடங்கியது; 1989இல் ஏ320 வந்தது. 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் நேர்ந்த ஏ320 விபத்தில் 92 பேர் உயிரிழந்ததையடுத்து அந்த ரக விமானங்கள் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்தத் தேக்கத்தையும் சேர்த்தால்தான் பின்னர் வந்த ஏற்றத்தின் அளவு புரியும்.

கடைசியாக, அகன்ற உடல் (இரட்டை நடைவழி) விமானங்களுக்குத் தனி அட்டவணை போடுங்கள். ஒற்றை நடைவழி விமானங்களின் பெரும் எண்ணிக்கைக்குள் அவை கரைந்துபோகும். இந்தியாவின் முதல் ஏ350 ஏர் இந்தியாவுக்கு 2023 டிசம்பரில்தான் வந்தது; 2024 ஏப்ரலில் இண்டிகோவும் அதே ரகத்தில் 30 கேட்டது. போயிங் 777உம் 787உம் வலுவாக இருக்கும் இந்தப் பிரிவில், ஏர்பஸ்ஸின் கணக்கை ஒற்றை இலக்கத்திலிருந்து தொடங்கி ஆண்டுதோறும் எழுதிவர வேண்டும்.