பீனட்ஸ் சிறப்புக் குறுக்கெழுத்தா? கீழிருந்து தொடங்குங்கள்

1950 அக்டோபர் 2 அன்று தொடங்கிய 'பீனட்ஸ்' சித்திரத்தொடரின் ஆண்டுவிழாவுக்கென அமைத்த ஆங்கிலக் குறுக்கெழுத்து கைக்கு வந்தால், 1 இடமிருந்து வலத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் கடைசிப் பகுதிக் குறிப்புகளைப் படியுங்கள். எல்லாவற்றையும் இணைக்கும் திறவுகோல் விடை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்து, நீளமான விடைகள். அமெரிக்க நாளிதழ்ப் புதிரில் தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடங்களில்தான் இருக்கும். ஆகவே மேலிருந்து மூன்றாம் வரிசையில் 11 எழுத்து விடை கருப்பொருளைச் சேர்ந்தது என்றால், கீழிருந்து மூன்றாம் வரிசையிலும் அதே நீளத்தில் அதன் ஜோடி இருக்கும். இந்த ஒன்று தெரிந்தாலே பாதிப் புதிர் வசப்பட்டுவிடும்.

பெயர்களையும் தயாராக வைத்திருங்கள். ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு மனநல ஆலோசனை சொல்பவள் லூசி, ஆங்கிலத்தில் 4 எழுத்து. போர்வையை விடாதவன் லைனஸ், 5. பீத்தோவன் பித்தன் ஷ்ரோடர், 9. பீகிள் நாய் ஸ்னூப்பியைச் சொல்லவே வேண்டாம்! படைத்தவர் சார்லஸ் ஷூல்ஸின் குடும்பப் பெயரை எழுதும்போது கவனம்: சி (c) உண்டு, டி (t) கிடையாது.

குறிப்பின் முடிவில் கேள்விக்குறி இருந்தால் அது சொல் விளையாட்டு. நேர்ப்பொருளில் தேடாதீர்கள்.