பினாங்கா, லங்காவியா என்று கேட்பதற்கு முன்

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங்குக்கு, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் புதிதாக வந்து சேரும் பையன்கள் மூன்றாவது வாரத்தில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அண்ணே, லீவுக்கு எங்கே போகலாம்? பினாங்கா, லங்காவியா?" சம்பளம், சாப்பாடு, ரூம் எல்லாம் ஊரிலிருந்து கிளம்பும்போதே விசாரித்துவிட்டு வருகிறார்கள். இதை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ஒன்பது வருடமாக இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆபீஸ் சமாச்சாரம், சுருக்கமாக. மருத்துவப் பரிசோதனை, பெர்மிட் ஸ்டிக்கர், சொக்சோ என்கிற தொழிலாளர் காப்பீட்டுப் பதிவு எல்லாம் முதலாளியும் ஏஜெண்டும் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தாளையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025இலிருந்து 1,700 வெள்ளி, அதாவது ரிங்கிட். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று 1955ஆம் வருடத்து வேலைவாய்ப்புச் சட்டமே சொல்கிறது. எங்கள் கடையில் மாதத்துக்கு இரண்டு நாள்தான். கேட்டால், "ஊர்ல உங்களுக்கு லீவே கிடையாதே தம்பி" என்பார் முதலாளி. அது உண்மை என்பதுதான் எரிச்சலைக் கிளப்பும்.

பேச்சு பழக ஒரு மாதம் ஆகும். ரிங்கிட் என்று இங்கே தமிழர் யாரும் சொல்வதில்லை, வெள்ளிதான். பைக் என்றால் மோட்டார். எஸ்டேட் என்றால் தோட்டம், ரப்பர் என்றால் பால்மரம். காலை உணவுக்குப் பசியாறுவது என்று பெயர். நான் வந்த முதல் நாள் ஒரு தோட்டத்துப் பாட்டி கடைக்குள் வந்ததும் "பசியாறிட்டியாப்பா?" என்றார். அவருக்குத்தான் பசி போலிருக்கிறது என்று நினைத்து அவசரமாக இரண்டு இட்லி எடுத்து வைத்தேன். இன்றைக்கும் அந்தப் பாட்டி என்னை 'இட்லித் தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்.

சரி, அந்த இரண்டு தீவுக்கு வருவோம். பீடோங்குக்குத் தெற்கே பினாங்கு, வடமேற்கே லங்காவி. இரண்டுக்கும் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம். லங்காவி நம் கெடா மாநிலத்தைச் சேர்ந்தது, ஆகவே வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். வெள்ளிக்கிழமை இங்கே பேங்க் பூட்டியிருக்கும், அங்கே திறந்திருக்கும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வெள்ளிக்கிழமை கதவைத் தட்டிவிட்டுத் திரும்பாத புதுப் பையனை நான் பார்த்ததில்லை.

பினாங்குக்குப் போக சுங்கைப்பட்டாணியில் கொம்யூட்டர் ரயில் ஏறுங்கள். அரை மணிச் சொச்சத்தில் பட்டர்வொர்த். ஸ்டேஷனை ஒட்டியே ஜெட்டி, அதாவது படகுத்துறை. பழைய இரண்டடுக்குப் படகுகள் காரையும் ஏற்றிக்கொண்டு போகும், அவை போய்விட்டன. இப்போது ஆளும் மோட்டாரும் மட்டும். யாராவது காரில் கூட்டிப்போனால் பாலம்: 13.5 கிலோமீட்டர், 1985இல் திறந்தது. டோல் 5.74 வெள்ளி, தீவுக்குள் போகும்போது மட்டும். மோட்டாருக்கு 2019லிருந்து இலவசம். பாலத்தில் போகும்போது இடையில் பச்சையாக ஒரு குட்டித் தீவு தெரியும். அது ஜெரஜாக். கப்பலில் வந்த நம் ஆட்களை நோய்க்குப் பயந்து அங்கேதான் இறக்கி வைப்பார்களாம். இட்லிப் பாட்டி சின்னப் பிள்ளையாக அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். பினாங்கு என்று சொன்னாலே அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

பினாங்கில் நமக்கு ஒன்றுமே புதிதாக இருக்காது. அதற்காகத்தான் அங்கே போவது. குயீன் வீதியில் 1833ஆம் வருடத்து மாரியம்மன் கோயில், வாசலில் மல்லிகைச் சரம். சூலியா வீதியில் நாகூர் தர்கா. எனக்கு ஊர் மணமேல்குடி. நாகூருக்கு நேர்ந்துகொள்ளாத வீடு எங்கள் தெருவில் குறைவு, என்ன சாமி கும்பிட்டாலும் சரி. முதல் தடவை அந்தச் சின்ன மினாராவைப் பார்த்தபோது நடுரோட்டில் நின்றுவிட்டேன், பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன். மத்தியானம் நாசி கண்டார் சாப்பிடுங்கள். காவடி மாதிரிக் கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தூக்கி விற்ற தமிழ் முஸ்லிம்களின் சோறு அது. குழம்பை எல்லாம் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், தனித்தனியாகக் கேட்டால் கடைக்காரர் உங்களைப் புதுசு என்று கண்டுபிடித்துவிடுவார். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தண்ணீர்மலை. 513 படி. மேலே முருகன், கீழே ஊர் முழுக்க விளக்கு. கடலுக்குள் இறங்கும் ஆசை மட்டும் வேண்டாம். பத்து பெரிங்கிக் கடற்கரையிலும் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும், எங்கள் பாக் நீரிணைக் கடல் மாதிரி. அதைப் பார்க்கவா விமானம் ஏறி வந்தோம்?

லங்காவி வேறு ஜாதி. கோலா கெடாவிலிருந்து ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம் படகு. மூடிய அறை, ஏசி, காது கிழிய மலாய்ப் படம். குவா ஜெட்டியில் இறங்கினால் 12 மீட்டர் உயரத்துக்கு ஒரு கழுகுச் சிலை. அதற்கப்புறம் பஸ்ஸை நம்ப முடியாது. காரோ மோட்டாரோ வாடகைக்கு எடுக்க வேண்டும், இல்லையென்றால் கைபேசியில் கார் கூப்பிட வேண்டும். நான்கு பேராகப் போனால் கட்டுப்படியாகும். கேபிள் காரில் மச்சின்சாங் மலைக்குப் போகலாம், மேலே 125 மீட்டர் நீளத்துக்கு அந்தரத்தில் வளைந்து தொங்கும் பாலம். டிக்கெட்டில் அடையாள கார்டு வைத்திருக்கும் மலேசியருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை. பினாங்குக் கொடிமலை ரயிலிலும் அப்படித்தான். பந்தாய் செனாங் கடற்கரையில் நின்றால் பேச்சு வராது. மணல் மாவு மாதிரி. சூரியன் கடலுக்குள் இறங்குவதை நான் வாழ்க்கையில் முதலில் பார்த்தது அங்கேதான். எங்கள் ஊரில் கடல் கிழக்கே, உதிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் தமிழ்க் குரல் காதில் விழாது, சாப்பாடு விலை. மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு தனிமை வந்து உட்காரும். புதிதாக வந்தவன் முதல் லீவில் அங்கே போனால் அன்றிரவு அம்மாவுக்குப் போன் போட்டு அழுவான்.

1987லிருந்து லங்காவி வரியில்லாத தீவு. சாக்லேட், பீங்கான் தட்டு, சட்டி பானை மலிவு. மதுவும் மலிவுதான், ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்புகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ரூமில் இருப்பவர்கள் "ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வாடா" என்று பணம் கொடுப்பார்கள். வாங்காதீர்கள்.

இது சின்னப் பொறி. பெரிய பொறி வேறு.

பினாங்குக்கு ரயிலில் போனாலும் பாலத்தில் போனாலும் நீங்கள் யார் என்று வழியில் கேட்டு எழுதிக்கொள்வதில்லை. லங்காவிக்கு டிக்கெட் எடுக்கும்போதே பாஸ்போர்ட் நம்பர் கேட்பார்கள். இந்தப் படகில் போகும் வரும் எல்லோரும் ஒரே ஜெட்டி வழியாகத்தான் நுழைய வேண்டும், சோதனை போட நினைத்தால் அதைவிட வசதியான இடம் கிடையாது. இந்த வித்தியாசத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை.

2022 தீபாவளிக்கு மறுநாள் கடை லீவு. நானும் என் ரூமில் இருக்கும் மன்னார்குடிப் பையனும் கிளம்பினோம். அவன் முடிதிருத்தும் கடையில் வேலை. என் பாஸ்போர்ட் என் சட்டைப்பையில். அவனுடையது அவன் முதலாளியின் இரும்பு அலமாரியில். அவனிடம் இருந்தது லாமினேட் போட்ட ஒரு ஜெராக்ஸ். பீடோங்கில் மூன்று வருடமாக அந்த ஜெராக்ஸ்தான் அவனுக்கு எல்லாம். கோலா கெடாவில் டிக்கெட் கொடுத்தவரும் அதைப் பார்த்துத்தான் நம்பர் எழுதினார். பகல் முழுக்கச் சுற்றினோம். அம்மாவுக்கு என்று பூப்போட்ட பீங்கான் தட்டு 12 வாங்கினான். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு குவா ஜெட்டிக்கு வந்தபோது வரிசையின் முன்னால் அதிகாரிகள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என்னுடையதைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார் ஒருவர். அவன் ஜெராக்ஸை நீட்டினான். அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். லாமினேட் ஓரத்தில் காற்று புகுந்து வெள்ளையாக உப்பியிருந்தது. விரல் நகத்தால் அந்த இடத்தை ஒருமுறை அழுத்தினார். "ஒரிஜினல் மானா?" அவ்வளவுதான் கேட்டார், கோபமே இல்லாமல். ஒரிஜினல் எங்கே என்று அர்த்தம். முதலாளியிடம் என்றான். போன் போடச் சொன்னார். முதலாளி தீபாவளிக்கு ஈப்போவில் மாமனார் வீட்டில், போன் அணைந்திருந்தது. கடைசிப் படகுக்கு ஆள் கூப்பிட்டார்கள். என்னைப் போகச் சொன்னார்கள். அவன் தட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்து, "அண்ணே, உடைச்சிடாதீங்க" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள்தான் அடுத்த செய்தி. பாஸ்போர்ட் இரும்பு அலமாரியிலும் இல்லை. பெர்மிட் புதுப்பிக்க ஏஜெண்டிடம் போயிருந்தது. பெர்மிட் முடிந்து 11 நாள் ஆகியிருந்தது. அவனுக்குத் தெரியாது, ஸ்டிக்கரைக் கண்ணால் பார்த்தே இரண்டு வருடம். விண்ணப்பம் கொடுத்த ரசீதைத் தேடி எடுத்து ஏஜெண்ட் படகேறிப் போய்க் காட்டும்வரை மூன்று ராத்திரி உள்ளே இருந்தான். வெளியே வந்த மாதத்திலிருந்து ஏஜெண்ட் செலவு என்று சொல்லி 2,400 வெள்ளியைச் சம்பளத்தில் பிடித்தார் முதலாளி. யார் செய்த தப்புக்கு யார் கட்டுவது? இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. அந்த மேசையில் இருந்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த முதலாளி இப்போதும் எங்கள் கடைக்குப் பசியாற வருகிறார், நான்தான் பில் போட வேண்டியிருக்கிறது.

நாம் ஏன் கொடுத்துவிடுகிறோம்? ஊரில் கல்லூரியில் சேர்ந்தால் ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஆபீசில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நகைக்கடை வேலைக்குப் போனால் அப்பாவின் கையெழுத்துப் போட்ட பத்திரத்தைக் கேட்பார்கள். அதே பழக்கத்தில் இங்கேயும் "பத்திரமா இருக்கட்டும் தம்பி" என்றதும் நீட்டிவிடுகிறோம். பத்திரம் யாருக்கு என்று கேட்பதில்லை. 1966ஆம் வருடத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி அடுத்தவர் பாஸ்போர்ட்டை அனுமதியில்லாமல் வைத்துக்கொள்வது இங்கே குற்றம். இதைச் சொல்லிச் சண்டை போடச் சொல்லவில்லை. முதல் மாதத்திலேயே சட்டம் பேசினால் அடுத்த விமானம் உங்களுக்குத்தான்.

நான் செய்தது இது. பணம் அனுப்பும் இடத்தில் ஒரிஜினல் கேட்கிறார்கள் என்று சொல்லி வாங்கினேன். ஒரு வாரம் கழித்து முதலாளி கேட்டார், "ரூம்ல பூட்டி வச்சிருக்கேன் அண்ணே" என்றேன். அப்புறம் அவர் கேட்கவில்லை. உங்களுடையவர் விடாமல் கேட்டால், பெர்மிட் புதுப்பிக்கும் நேரத்தில் மட்டும் கொடுத்து, கொடுத்த தேதியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஸ்டிக்கரில் முடியும் தேதியைக் கைபேசிக் காலண்டரில் போடுங்கள், அதற்கு மூன்று மாதம் முன்னால் இருந்தே நச்சரிக்க ஆரம்பியுங்கள். நச்சரிப்பது நமக்கென்ன புதிதா? புதுப்பிக்கப் போயிருக்கும்போது ரசீது நகல் கையில் இல்லாமல் பீடோங்கைத் தாண்டாதீர்கள், பினாங்குக்குக்கூட. அங்கே வழியில் கேட்பதில்லை என்றேன், தெருவில் கேட்கமாட்டார்கள் என்று சொல்லவில்லை.

பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை பொழுது போகவில்லை என்றால் மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்குக்கு மோட்டாரில் போய் வாருங்கள். பக்கம்தான். ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கடாரம் இந்தக் கெடாதான். குனோங் ஜெராய் மலையடியில் பழைய கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கல்லில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

தட்டுகளில் ஒன்று படகிலேயே விரிசல் விட்டது. மிச்சம் 11ஐயும் ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். அவன் அம்மா அதில் யாருக்கும் சோறு போடவில்லையாம், துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். பையன் இப்போது வேறு கடையில், பாஸ்போர்ட் அவன் தலையணைக்கு அடியில். மழை விட்டதும் ஜனவரியில் மறுபடி லங்காவி போகலாம் என்கிறான். கேபிள் கார் டிக்கெட் அவன் செலவு என்றால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.