ரேம் வேகம்: ஆயத்த அமைப்பா, கைச்சரிப்பா?

3200 வேகம் என்று அச்சிட்ட டிடிஆர்4 வகை ரேமை வாங்கிப் பொருத்தினாலும், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி என்னும் ஆயத்த அமைப்பை இயக்கும்வரை, அது பெரும்பாலும் 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். இன்டெல் வகுத்த இவ்வமைப்பு, வேகம், தாமத எண்கள், மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றிவிடுகிறது, 1.2 வோல்ட் வழக்கமாக 1.35 ஆக உயரும். ஏஎம்டி செயலிக்கான டிடிஆர்5 மதர்போர்டுகளில் இதற்கு எக்ஸ்போ என்று பெயர். பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

கையால் சரிசெய்ய விரும்புவோர், எக்ஸ்எம்பியை இயக்கிய நிலையிலிருந்தே தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரே எண்ணை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்பும் ரேமின் பிழைகளைக் கண்டறியும் மெம்டெஸ்ட்86 சோதனையை முழுமையாக ஓட்டிப் பார்க்க வேண்டும். தாமத எண்களில் முதன்மையானது சிஎல்; 3200-இல் சிஎல் 16 என்பதும் 3600-இல் சிஎல் 18 என்பதும் ஒரே 10 நானோநொடித் தாமதமே; பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்.

செங்கோட்டை, புளியரைப் பக்கம் இருப்போர் இன்னொன்றையும் கருத வேண்டும். சூடேறினால் ரேமில் உள்ள மின்னூட்டம் விரைவாகக் கசியும் ஆதலால், அதை மீண்டும் நிரப்பும் டிஆர்ஈஎஃப்ஐ என்னும் புதுப்பிப்பு இடைவெளியைச் சாரல் காலக் குளிர்ச்சியில் நீட்டி வைத்துச் சோதித்தவர், சித்திரை வெயிலில் மீண்டும் ஒருமுறை சோதிப்பது நல்லது. கணினி எழாமலே போனால், மின்னிணைப்பைத் துண்டித்து, மதர்போர்டின் வட்ட பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.