நாகை, நாகூர், காரைக்கால்: புதிதாக வந்தவர்கள் வெளியே சாப்பிட

மலேசியா, சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்து தாத்தா ஊரில் கொஞ்ச காலம் இருந்து பார்க்கலாம் என்று வந்தவர்கள், 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலில் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் வந்து இறங்கியவர்கள், பிரான்சிலிருந்து வந்து காரைக்காலில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவர்கள் என்று பலர் இப்போது இந்தக் கரையில் இருக்கிறார்கள். வந்த வாரமே எல்லாரும் கேட்பது, "இங்கே நல்ல ஓட்டல் எது?"

பெயர் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்குப் போய் நின்றால் ஷட்டர் இறங்கியிருக்கும். இந்தப் பக்கம் கடையைவிட நேரமும் கிழமையும் மாதமும்தான் சாப்பாட்டைத் தீர்மானிக்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டால் கடையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மணி பார்த்துப் போங்கள்

காலை டிபன் பத்து மணி வரை. பத்தரைக்குப் போனால் இட்லி முடிந்திருக்கும், சாப்பாடு உலையில் இருக்கும். நடுவில் உள்ள அந்த இரண்டரை மணி நேரத்துக்கு டீக்கடை வடைதான் கதி. சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை; மூன்று மணிக்குப் போனால் ரசமும் மோரும் மிஞ்சும். நாலு மணிக்கு பஜ்ஜி, போண்டா. ஏழு மணிக்கு மேல் இட்லி, தோசை, பரோட்டா.

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இரவில்தான். இரவில் சோறு கிடைப்பது அபூர்வம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் ராத்திரி சோறும் மீன்குழம்பும் கேட்டுவிட்டு, முட்டை தோசையோடு திரும்புவதை அடிக்கடி பார்க்கலாம். காரணம் எளிது. மீன் காலையில் வரும், குழம்பு ஒரு தடவைதான் கொதிக்கும், மதியத்தோடு சட்டி காலி. இரவிலும் மீன்குழம்பு இருக்கிறது என்று ஒரு கடை சொன்னால் நான் கொஞ்சம் யோசிப்பேன். சிங்கப்பூர் போல நள்ளிரவில் இறங்கிப் போய் சாப்பிடலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடைகளும் பரோட்டாக் கடைகளும்தான் நேரம் கழித்தும் திறந்திருக்கும்.

மீன் சாப்பாடு

நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையிலேயே ஏலம் நடக்கும். ஏலத்தில் எடுத்த மீன்தான் மதியம் மெஸ்ஸில் உங்கள் இலைக்கு வருகிறது. போர்டில் எழுதியிருப்பதை நம்பி உட்காராதீர்கள். போர்டில் எல்லா நாளும் வஞ்சிரமும் வாவலும் இருக்கும். வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

"அண்ணே, இன்னைக்கு என்ன மீன்?"

"காலா இருக்கு தம்பி. கொடுவா கொஞ்சம்தான் வந்துச்சு, முடிஞ்சுபோச்சு."

இப்படி "முடிஞ்சுபோச்சு" என்று சொல்லும் கடையில் தைரியமாக உட்காரலாம். வஞ்சிரம்தான் உசத்தி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். விலையில் உசத்தி, சரி. குழம்புக்கு என்னைக் கேட்டால் காலாவும் கொடுவாவும்தான். சங்கரா வறுவலுக்கு. நெத்திலி கிடைத்தால் எப்படிக் கொடுத்தாலும் வாங்குங்கள். சுறாப்புட்டு எல்லா நாளும் இருக்காது. இருந்தால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இலை போட்டதும் சோறு, கூட்டு, பொரியல், அப்பளம் வரும். மீன்குழம்பு, கறிக்குழம்பு, ரசம், மோர் எல்லாம் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அது சாப்பாட்டு விலையில் அடக்கம். ஆனால் குழம்பில் கிடக்கும் துண்டு தனிக் காசு. கொஞ்ச நேரத்தில் ஒருவர் தாம்பாளத்தில் வறுத்த மீன், இறால் தொக்கு, நண்டு, கணவாய் என்று சின்னச் சின்னத் தட்டாக அடுக்கிக்கொண்டு வந்து உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார். இலவசம் போலத்தான் இருக்கும்! நீங்கள் தலையாட்டிய ஒவ்வொன்றும் பில்லில் ஏறும். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் "இது எவ்வளவு?" என்று அப்போதே கேளுங்கள். கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம், பக்கத்து இலைக்காரரும் கேட்பார்.

மலேசியாவில் வாழை இலைச் சாப்பாடு பழகியவர்களுக்கு இன்னொன்று. இங்கே எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிக் குழைப்பதில்லை. கறிக்குழம்பு முடிந்து மீன்குழம்பு, பிறகு ரசம், கடைசியில் மோர். சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். முதல் குழம்பிலேயே மலை போல வாங்கிவிட்டு ரசத்துக்கு வயிறில்லாமல் எழுந்து போனால் பரிமாறுகிறவருக்கே வருத்தமாக இருக்கும்.

இனி காலண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் போகும். பெரிய மீன் குறையும், விலை ஏறும், வெளி மாநிலத்து ஐஸ் மீன் வரும். அந்த நாட்களில் வஞ்சிரம் கேட்டு அடம்பிடிக்காமல், அன்றன்று கரைக்கு வரும் பொடிமீனைக் கேட்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேறு கணக்கு. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் படகு கடலுக்குப் போகாது. கூண்டு ஏறிய மறுநாள் மெஸ்ஸில் மீன் கேட்பதைவிடக் கோழியோ கருவாட்டுக் குழம்போ நல்லது. கருவாட்டுக் குழம்பை இளக்காரமாக நினைக்க வேண்டாம். மழை நாளில் அதற்கு ஈடு கிடையாது.

புரட்டாசியில் ஊரில் பாதிப் பேர் கவுச்சி தொட மாட்டார்கள். அசைவக் கடைகளில் கூட்டம் குறையும், சில கடைகள் சமையலையும் குறைத்துக்கொள்ளும். அந்த மாதம் மீன் வேண்டுமென்றால் நாகூர்ப் பக்கம் போய்விடுங்கள்.

நாகூர்

நாகப்பட்டினத்திலிருந்து பேருந்தில் கால் மணி நேரம். சாயங்காலம் போக வேண்டிய ஊர் இது. தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் அஸர் தொழுகைக்குப் பிறகு அடுப்பு பற்றவைப்பார்கள். முதலில் தேட வேண்டியது வாடா. வடை என்று நினைத்துக் கேட்காதீர்கள், இது அரிசிமாவில் தட்டி, இறாலும் வெங்காயமும் சேர்ந்த மசாலாவோடு எண்ணெயில் போட்டு எடுப்பது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று இருக்கும். சட்டியிலிருந்து எடுத்த சூட்டில் நின்றபடியே தின்றுவிட வேண்டும். பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் பாதி ருசி வழியிலேயே போய்விடும்.

அப்புறம் பரோட்டா. ரொட்டி சனாய் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குக் கை தானாகப் போகும். ஆனால் இங்கே பருப்புக் கறி வராது, சால்னா வரும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி, ஊறவிட்டுச் சாப்பிடுவதுதான் இங்கத்திய வழக்கம்.

வியாழக்கிழமை இரவு தர்காவுக்குக் கூட்டம் வரும், கடைகள் நேரம் கழித்தும் திறந்திருக்கும். வெள்ளி மதியம் ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் சாத்தியிருக்கும். இரண்டு மணிக்கு மேல் போங்கள். ரமலானில் பகலில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நோன்பு திறந்த பிறகு அதே தெரு திருவிழா போல ஆகிவிடும். நோன்புக் கஞ்சியும் வாடாவும் ஒன்றாகக் கிடைக்கும் மாதம் அது. தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி பதினாலு நாள் நடக்கும். அந்தச் சமயத்தில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட இடம் கிடைக்காது, வேடிக்கை பார்க்கப் போகலாம்.

இனிப்பில் தம்ரூட் வாங்குங்கள். ரவையும் நெய்யும் பாலும் சேர்ந்தது, பெரும்பாலும் முட்டையும் இருக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். கடைக்காரரைப் "பாய்" என்று கூப்பிட்டால் போதும். பழகிய பிறகு "நானா" என்று கூப்பிடலாம், இரண்டு துண்டு கூட விழும்.

கடையில் கிடைக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் கறியும் ஒரே சஹனில், அதாவது பெரிய தட்டில், வைத்து நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அழைப்பு வந்தால் தட்டாதீர்கள். எந்த ஓட்டல் பிரியாணியும் அதன் பக்கத்தில் நிற்காது.

வேளாங்கண்ணி

கடற்கரைக்குப் போகும் வழி நெடுக மசாலா தடவிய மீனை அடுக்கி வைத்திருப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் சிவப்பாக மசாலா பூசிய பிறகு மீன் இன்றையதா நேற்றையதா என்று யாராலும் சொல்ல முடியாது. மசாலா தடவாத முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள், செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் சரி. விலையைப் பேசி முடித்த பிறகு எண்ணெயில் போடச் சொல்லுங்கள். பொரித்த பிறகு பேரம் பேச முடியாது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மாதா திருவிழா. அந்த நாட்களில் அங்கே சாப்பிடுவதைத் தவிர்த்து நாகையிலேயே முடித்துக்கொண்டு போங்கள்.

காரைக்கால்

வாஞ்சூரைத் தாண்டினால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். சாராயக் கடைகளின் வரிசையிலேயே தெரிந்துவிடும். காரைக்காலில் "பார்" போட்ட ஓட்டல்கள் நிறைய, சிலவற்றில் சமையல் நன்றாகவும் இருக்கும். குடும்பத்தோடு போகிறவர்கள் வாசலில் "பேமிலி ரூம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பாட்டிலோடு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வராதீர்கள், செக்போஸ்ட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் புதுச்சேரி ஒயிட் டவுனைப் போல ரொட்டியும் கபேயும் இருக்கும் என்று சிலர் எதிர்பார்த்து வருகிறார்கள். அதெல்லாம் இங்கே இல்லை. பாரதியார் சாலையில் சுற்றினால் பிரியாணியும் பரோட்டாவும் சைவ ஓட்டலும் கிடைக்கும். சனிக்கிழமை மட்டும் கவனம்: திருநள்ளாற்றுக்கு வரும் கூட்டம் காரைக்கால் சைவ ஓட்டல்களையும் நிரப்பிவிடும். அன்றைக்குக் காலை ஏழு மணிக்குள் டிபனை முடித்துவிடுங்கள்.

சைவம், தண்ணீர், காசு

மூன்று ஊரிலும் சைவம் பரவாயில்லை ரகம்தான். நல்ல சைவம் வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளே, ஆற்றுப் பக்கம் போங்கள். மயிலாடுதுறையில் காளியாக்குடி ஓட்டல் பழைய பேர் எடுத்தது. கும்பகோணத்தில் இட்லியோடு கடப்பா கேளுங்கள்; பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்தது, எல்லா நாளும் போட மாட்டார்கள், சீக்கிரம் தீர்ந்தும்விடும். காபியை ஊருக்குள் குடியுங்கள். நெடுஞ்சாலையில் பித்தளை டபராவைப் படம் போட்டு மாட்டிய கடைகளெல்லாம் கும்பகோணம் ஆகிவிடாது.

கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். ஓட்டல்களில் கேன் தண்ணீர்தான் வைப்பார்கள், ஆனாலும் முதல் இரண்டு வாரம் சுடுதண்ணீர் கேளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள். தள்ளுவண்டிச் சட்னியையும் ஐஸ் போட்ட சர்பத்தையும் வயிறு பழகும் வரை தள்ளிவையுங்கள். வாடாவுக்கு இந்த விதி பொருந்தாது, அது கொதிக்கும் எண்ணெயிலிருந்து வருவது.

வெளிநாட்டு கார்டு மெஸ்ஸிலும் டீக்கடையிலும் செல்லாது. எல்லாரும் ஜிபே அட்டையை மாட்டியிருப்பார்கள், அதற்குப் பெரும்பாலும் இங்கத்திய வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்கும் வரை ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் டீக்கு ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினால், "சில்லறை இல்ல தம்பி, நாளைக்குக் குடுங்க" என்பார்கள். மறக்காமல் மறுநாள் கொடுத்துவிடுங்கள்.