சென்னையிலிருந்து பெங்களூருக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் தாம்பரத்துத் தம்பி ஒருவன் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தான். மூன்றாம் நாளே ஊரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் எலகங்காவில் வீடு பார்த்து டோக்கன் கொடுத்துவிட்டு வந்து சந்தோஷமாகச் சொன்னான். அலுவலகம் இருப்பதோ தென்கிழக்கே பெள்ளந்தூரில். "தாம்பரத்துலேர்ந்து பீச் போற தூரம்தானே அண்ணா" என்றான். ஏழு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஸ்வெட்டர், குடை விஷயமெல்லாம் இரண்டு நாளில் தானே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிலோமீட்டரை நம்பி வீடு எடுப்பது

சென்னையில் நாம் தூரத்தை மின்சார ரயிலால் அளந்து பழகியவர்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் 29 கிலோமீட்டர். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடும் தடம். காலை எட்டு மணியோ மதியம் இரண்டு மணியோ, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூட்டம் கூடும், குறையும். நேரம் பெரிதாக மாறாது.

பெங்களூரில் அந்தக் கணக்கு செல்லாது. சில நிமிடங்களுக்கு ஒன்றாக வரும் புறநகர் ரயில் இங்கே இல்லை. வேலை இடங்கள் ஊரின் ஓரங்களில் சிதறிக் கிடக்கின்றன: தெற்கே எலெக்ட்ரானிக் சிட்டி, கிழக்கே ஒயிட்ஃபீல்டு, வடக்கே ஹெப்பாள் பக்கம். நடுவில் எல்லோரும் வந்து விழுவது வெளிவட்டச் சாலையில். அதில் சில்க் போர்டு சந்திப்பு முதல் கே.ஆர்.புரம் வரை மெட்ரோ தூண்கள் எழுந்துவிட்டன. இதை எழுதும்வரை ரயில் ஓடவில்லை. (பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் போய்வந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.)

நான் தெற்கே ஜே.பி. நகரில் வீடு எடுத்தேன். பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை; அலுவலகத்திலிருந்து பைக்கில் அரை மணி நேரம்தான் ஆனது. திங்கட்கிழமை மாலை ஆறரைக்குக் கிளம்பி வீடு சேரும்போது எட்டேகால். சில்க் போர்டைத் தாண்டவே நாற்பது நிமிடம். மகள் அப்போது எல்.கே.ஜி. நான் கதவைத் திறக்கும்போது தூங்கியிருப்பாள். நான்கு மாதத்துக்கு மேல் முடியவில்லை, காலி செய்தேன். 11 மாத ஒப்பந்தத்தை நடுவில் முறித்ததற்கு இரண்டு மாத வாடகை, பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை என்று அட்வான்ஸில் 60,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். பணத்தை மறுபடி சம்பாதித்துவிட்டேன். அந்த நான்கு மாதச் சாயங்காலங்களை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அதனால் முதல் மாதம் பி.ஜி.யில் (மாத வாடகை விடுதியில்) தங்குங்கள். வீடு பிடித்துப்போனால், ஒரு செவ்வாயோ புதனோ காலை ஒன்பதுக்கு அங்கிருந்து அலுவலகம் போய், மாலை ஆறரைக்குத் திரும்பிப் பாருங்கள். மழை பெய்யும் மாலையாக இருந்தால் இன்னும் நல்லது. மெட்ரோ பக்கத்தில் இருக்கிறது என்று புரோக்கர் சொன்னால், இறங்கும் ஸ்டேஷனிலிருந்து அலுவலகம் எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள்.

தம்பியை நேற்று மாலை 500டி பேருந்தில் ஏற்றி, ஹெப்பாளில் மாறி எலகங்கா போகச் சொன்னேன். ஒன்பது மணிக்குத்தான் போன் செய்தான். டோக்கன் போனால் போகட்டும், விட்டுவிடு என்றேன்.

தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டி இலவசப் பயணம் கேட்பது

சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்கள் எந்த அட்டையும் காட்டாமல் இலவசமாகப் போகலாம். இங்கே 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்துக்குக் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஏசி பேருந்துக்கு அது செல்லாது. அப்புறம், நம் ஊரில் பெண்கள் இருக்கை இடப்பக்கம், இங்கே முன்பக்கம். ஆண்கள் பழக்கத்தில் முன்னால் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

விமான நிலையத்தை மீனம்பாக்கம் போல நினைப்பது

திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் சென்னை விமான நிலையம். இங்கே அது தேவனஹள்ளியில், ஊரின் நடுவிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். வாயு வஜ்ரா பேருந்து பல இடங்களிலிருந்து போகிறது. மாலை விமானம் என்றால், தெற்குப் பகுதியில் இருப்பவர்கள் நான்கு மணி நேரம் முன்பே கிளம்புங்கள்.

என்.ஓ.சி. இல்லாமல் வண்டியைக் கொண்டுவருவது

என்.ஓ.சி. என்பது தடையில்லாச் சான்று; ஊரிலேயே ஆர்.டி.ஓ.வில் வாங்கிக்கொண்டு வாருங்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவை மாற்றியாக வேண்டும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் இருப்பது

காவிரியா, போர்வெல்லா, டேங்கரா? வாடகை பேசுவதற்கு முன் கேளுங்கள். 2024 மார்ச்சில் போர்வெல் வற்றிய தெருக்களில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களை நான் பார்த்தேன்.

எல்லோரிடமும் தமிழிலேயே ஆரம்பிப்பது

வேண்டாம். "எஷ்டு" (எவ்வளவு), "இல்லி நில்லிஸி" (இங்கே நிறுத்துங்கள்) என்று கன்னடத்தில் தொடங்குங்கள். தமிழ் தெரிந்த ஆட்டோக்காரர் அவராகவே தமிழுக்கு மாறுவார்.