புளியமரத்தின் லத்தீன் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

ஒருமுறை தோட்டத்து மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதும்போது புளிக்கு 'டாமரிண்டஸ் இண்டிகஸ்' என்று எழுதித் தொலைத்தேன். இரண்டு சொல்லும் ஒரே ஓசையில் முடிகிறதே என்ற நினைப்பு. சரியான பெயர் டாமரிண்டஸ் இண்டிகா. இந்தக் 'கா' எப்படி வந்தது என்று பிரித்துப் பார்ப்போம்.

படி 1: பெயரை இரண்டாக வெட்டுங்கள். முன்னது பேரினம், பின்னது அதற்கு அடைமொழி.

படி 2: முதல் சொல்லின் பூர்வீகத்தைத் தேடுங்கள். டாமரிண்டஸ் லத்தீன் வேடம் போட்ட அரபிச் சொல். 'தம்ர் ஹிந்தி' என்றால் இந்தியப் பேரீச்சை. கொட்டை எடுத்து உருட்டி வைத்த பழைய புளியைப் பாருங்கள். கறுத்துப் பிசுபிசுவென்று பேரீச்சை மாதிரியேதான் இருக்கும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதோடு 'இண்டிகா'வையும் சேர்த்தார். ஆக, ஒரே பெயரில் இரண்டு இந்தியா! மரத்துக்குச் சொந்த ஊரோ ஆப்பிரிக்கா.

படி 3: பால் என்னவென்று பாருங்கள். நான் சறுக்கிய இடம் இதுதான். நமக்கு மரம் அஃறிணை, அதோடு முடிந்தது. ரோமானியர்களுக்கோ பெரும்பாலான மரங்கள் பெண்பால். 'அஸ்' என்ற ஈறு பொதுவாக ஆண்பாலுக்கு உரியது என்றாலும், மரப்பெயரில் அதை நம்ப முடியாது. அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா ஆனதும் இப்படித்தான்.

படி 4: அடைமொழியின் ஈற்றைப் பொருத்துங்கள். நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்று தமிழில் 'நல்ல' அசையாமல் நிற்கும். லத்தீனில் அதுவும் மாறும். 'இந்திய' என்ற ஒரே சொல் யானைக்கு ஆண்பாலில் இண்டிகஸ் (எலிஃபாஸ் மேக்சிமஸ் இண்டிகஸ்), புளியமரத்துக்கும் மாமரத்துக்கும் வேம்புக்கும் பெண்பாலில் இண்டிகா, இரண்டிலும் சேராத எள்ளுக்கு இண்டிகம் (செசமம் இண்டிகம்).

படி 5: விதிவிலக்கைச் சரிபாருங்கள். மேப்பிள் மரம் எள்ளின் கட்சி. சிவப்பு மேப்பிளின் பெயர் ஏசர் ரூப்ரம். அப்புறம் நம்ம பனை இருக்கிறது. மாமரத்தின் பேரினப் பெயரான மாஞ்சிஃபெராவில் வரும் 'ஃபெரா' சுமப்பவள், மாங்காய் சுமப்பவள். பனைக்குப் பெயர் பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர். 'ஃபெரா' இல்லை, 'ஃபர்'. விசிறி சுமப்பவன்.