லைப்ரரியின் வசந்தகால நிகழ்ச்சிகள்: ‘இலவசம்தானே’ என்பதால் செய்யும் தவறுகள்

வட அமெரிக்காவில் பனி உருகத் தொடங்கியதும் ஊர் நூலகங்கள் கட்டடத்தை விட்டு வெளியே வந்துவிடும். பூங்காவில் கதை நேரம், பறவை பார்க்கும் நடை, விதை வழங்கல், மாநிலப் பூங்காவுக்கான பாஸ், இரவலாகத் தொலைநோக்கி என்று ஏப்ரல், மே மாதங்களின் காலண்டர் நிறைந்திருக்கும். நம்மவர்கள் பலருக்கும் இது தெரியும். ஆனாலும் “போனோம், இடம் இல்லைன்னுட்டாங்க” என்று திரும்பி வருபவர்களே அதிகம். காசு கட்டிச் சேரும் நீச்சல் வகுப்புக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட இலவசமாகக் கிடைப்பதற்கு நாம் காட்டுவதில்லை.

முதல் சறுக்கல் காலண்டரிலேயே. நிகழ்ச்சி நடக்கும் வாரத்தில் போய்ப் பார்த்தால் சின்னக் குழுவுக்கானவை எல்லாம் நிரம்பியிருக்கும். பல நூலகங்களில் பதிவு சில வாரங்களுக்கு முன்பே திறந்துவிடும், எனவே திறக்கும் நாளைக் குறித்துவைக்க வேண்டும். 2024 ஏப்ரல் 8 சூரிய கிரகணத்துக்கு நூலகங்கள் கண்ணாடி கொடுத்தபோது, கடைசி நேரத்தில் போனவர்கள் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கிடைப்பதில் எல்லாம் பெயரைப் போட்டுவிட்டு, அன்று காலையில் மனம் மாறி வீட்டிலேயே இருந்துவிடுவது. போக முடியாவிட்டால் பதிவை ரத்து செய்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த இடம் போகும்.

குழந்தையை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்வருவது இன்னொன்று. மழலையருக்கான கதை நேரத்தில் பெற்றோரும் கூடவே உட்கார்ந்து பாடி, கைதட்டுவார்கள் என்பதுதான் ஏற்பாடு. எந்த வயது வரை பெரியவர் துணை வேண்டும் என்று ஒவ்வொரு நூலகமும் விதி வைத்திருக்கிறது. புல்வெளியில் நடக்கும்போது இது இன்னும் முக்கியம், அங்கே கதவு கிடையாது. தாத்தா பாட்டி கூட்டிப் போனால் தாராளமாகப் போதும்.

பாதை நெடுகக் கதைப் புத்தகத்தின் பக்கங்களைக் கம்பங்களில் பொருத்திவைக்கும் ‘ஸ்டோரிவாக்’, 2007இல் வெர்மான்ட் மாநிலத்தின் மான்ட்பீலியரில் ஆன் ஃபெர்குசன் தொடங்கிவைத்தது. இதைத் தமிழ்ப் பள்ளியில் செய்து பார்க்க நினைப்பவர்கள் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அது பதிப்புரிமைச் சிக்கல். அசல் புத்தகத்தையே பிரித்து லேமினேட் செய்வதுதான் முறை. தாளின் இரண்டு பக்கமும் அச்சு இருப்பதால் குறைந்தது 2 பிரதிகள் வாங்க வேண்டும்.

வெளியே போய்வந்த பிறகு உண்ணி பார்க்காமல் விடுவதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணியின் இளம்பருவம் வசந்தத்தின் பிற்பகுதியில்தான் கிளம்பும். கசகசா அளவுதான் இருக்கும், கண்ணில் படாது. வீடு வந்து 2 மணி நேரத்துக்குள் குளித்து, அக்குள், முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். போட்டிருந்த துணியை டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓடவிடுங்கள். கடித்திருந்தால் எண்ணெய் தடவுவது, தீக்குச்சி காட்டுவது எதுவும் வேண்டாம். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்தால் போதும்.

இனி விதை. நூலகத்தில் இலவசமாக எடுத்துப்போய் விதைத்து, விளைந்ததிலிருந்து கொஞ்சம் விதையைத் திருப்பித் தருகிற ஏற்பாடு இது. நம் வீடுகளில் ஆர்வமும் இதில்தான் அதிகம், தவறும் இதில்தான் அதிகம். நூலகத்தின் பழைய அட்டவணைப் பெட்டியில் உறை உறையாக அடுக்கியிருப்பதைப் பார்த்தால் கை நிறைய அள்ளத் தோன்றும். பால்கனியில் நாலு தொட்டி வைத்திருப்பவருக்கு நாலு உறை ஏராளம். அப்புறம், ஏப்ரலில் ஒரு வாரம் வெயில் அடித்ததும் கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாவற்றையும் மண்ணில் ஊன்றிவிடுவது. கடைசி உறைபனி தாண்டும் வரை இவை வெளியே நிற்காது. டொராண்டோ பக்கம் மே மாத விக்டோரியா நாள் விடுமுறையைத்தான் தோட்டக்காரர்கள் கணக்காக வைத்திருக்கிறார்கள். மிளகாயை அதற்கு 8 முதல் 10 வாரம் முன்பே வீட்டுக்குள் முளைக்கப்போட வேண்டும். வெண்டைக்கு மண் நன்றாகச் சூடேறட்டும்.

அறுவடை முடிந்து விதையைத் திருப்பித் தருவதிலும் கவனம் தேவை. அவரை, பட்டாணி, லெட்யூஸ் போன்றவை பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்ப்பவை, தைரியமாக எடுக்கலாம். பூசணி வகை அப்படியல்ல. பக்கத்து வீட்டு ஸுக்கினியோடு தேனீ கலந்துவிட்டிருக்கும். அந்த விதையிலிருந்து வரும் காய் சில சமயம் கடுங்கசப்பாகி, சாப்பிட்டால் வயிற்றைப் படுத்திவிடும். கசக்கும் சுரைக்காயைத் தூக்கி எறியச் சொன்ன பாட்டிகளுக்கு விளக்கவே வேண்டாம். கலப்பின விதையிலிருந்து எடுத்ததையும் தர வேண்டாம், தாய்ச்செடி மாதிரி வராது. உறைமேல் பெயர், ரகம், ஆண்டு மூன்றும் எழுதுங்கள்.

ஊரிலிருந்து பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த நாட்டு விதையைப் பெருமையோடு அங்கே கொடுப்பவர்களும் உண்டு. அமெரிக்காவுக்குள் விதை கொண்டுவர தாவர நலச் சான்றிதழோ அதற்கான அனுமதியோ வேண்டும், விமான நிலையத்தில் அறிவிக்கவும் வேண்டும். நோயோ பூச்சியோ கூடவே வந்துவிடும் என்பதுதான் பயம். உள்ளூர் விதைக்கே விதி குறுக்கே வந்ததுண்டு. 2014இல் பென்சில்வேனியாவின் மெக்கானிக்ஸ்பர்க் நூலகத்து விதைப் பெட்டி மாநில விதைச் சட்டத்துக்குள் வருகிறது என்று வேளாண் துறையே சொன்னது. பிற்பாடு அந்தக் கெடுபிடி தளர்ந்தது. ஆகவே வீட்டில் எடுத்த விதையை வாங்கிக்கொள்வார்களா என்று நூலகரிடம் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

பூங்கா பாஸில் பலர் படிக்காமல் விடுவது, அது எதற்குச் செல்லும் என்பதை. கலிஃபோர்னியா நூலகங்கள் தரும் பாஸ், திட்டத்தில் சேர்ந்துள்ள மாநிலப் பூங்காக்களில் ஒரு காரின் பகல்நேர நுழைவுக்கு மட்டும். கூடாரம் அடித்துத் தங்க அது உதவாது. யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காவின் வாசலிலும் செல்லாது. நீண்ட வார இறுதிக்கு வேண்டுமென்றால் முன்பே முன்பதிவு வரிசையில் நில்லுங்கள்.

தொலைநோக்கியை நூலகம் வழியாக இரவல் தருவது 2008இல் நியூ ஹாம்ப்ஷயர் வானியல் சங்கம் தொடங்கியது. குழந்தைகள் அதைப் பகலில் சூரியன் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு கணம் போதும், கண் போய்விடும். லென்ஸில் தூசி இருந்தால் சட்டை நுனியால் துடைக்காமல் அப்படியே விடுங்கள். திருப்பித் தரும்போது தொலைநோக்கி, பாஸ், பைனாகுலர் பை எதையும் வெளியே இருக்கும் புத்தகப் பெட்டியில் போடாமல் உள்ளே போய்க் கவுண்டரில் கொடுங்கள். மூடியோ திருகோ தொலைந்திருந்தால் அங்கேயே சொல்லிவிட்டால், அடுத்து எடுத்துப் போகும் வீட்டுக்கு முன் அவர்கள் சரிசெய்துவிடுவார்கள்.